இன்பமேரியின் கொள்ளளவு

ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள எங்கள் சக்குபள்ளம் பக்கத்தில் முன்பெல்லாம் வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். உள்ளேயிருந்து "யாரது?" என்று குரல் வந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வராவிட்டால் ஏலக்காட்டுக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த முறையில் பெரிய குறை இருப்பதாக மலைத்தோட்டத் தொழிலாளர் ஓய்வுநல வாரியம் கண்டுபிடித்தது. இதற்கு ஒரு கட்டிடம் தேவைப்படவில்லை என்பதுதான் அந்தக் குறை.

ஆகவே டவுனில் கட்டிடம் கட்டினார்கள். கீழ்த்தளத்தில் அளவுப் பிரிவு, மேல்தளத்தில் தெளிவுப் பிரிவு. ஓய்வுபெற்ற தொழிலாளி தன் முகத்தை வீடியோ எடுத்து வாரியத்தின் வலைத்தளத்தில் ஏற்ற வேண்டும். அதன் அளவு ஒரு எம்பிக்கு, அதாவது ஒரு மெகாபைட்டுக்கு, மேல் போகக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது கீழ்த்தளம். ஒரு நிமிடம் ஓட வேண்டும், பெரிய திரையில் போட்டாலும் புருவ முடி தனித்தனியாகத் தெரிய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது மேல்தளம். இரண்டுக்கும் நடுவே அகலமான மாடிப்படி ஒன்று உண்டு. கைப்பிடிக்கு ஈட்டி மரம் இழைத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு அதிகாரி ஏறியோ இறங்கியோ நான் பார்த்ததில்லை. மெழுகு பூசி வைத்திருப்பதால் மனம் வரவில்லை போலும்.

வீடியோவில் தொழிலாளி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "நான் உயிரோடு இருக்கிறேன், இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழு மனதோடு சொல்கிறேன்."

எங்கள் ஊர் இன்பமேரிக்கு இந்த வாக்கியத்தில் ஒரே ஒரு சிரமம். "வற்புறுத்தலும்" என்ற இடம் வரும்போது மூச்சு தீர்ந்துவிடும்.

அவள் வேலை பார்த்த காலம் முழுக்க ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளியவள். காய் நிறம் மாறாமல் பச்சையாக வெளியே போயிற்று, புகை அவளுக்குள்ளே போயிற்று. இப்போது நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்துக்கொள்ளாவிட்டால் இந்த மழைக்காலம் தாங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரியமும் தங்க மனசோடு ஒரு மெஷின் அனுமதித்தது. அவள் பேரை ஒட்டி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், அளவுப் பிரிவின் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார்கள். உயிர்ச்சான்று வீடியோ ஏற்கப்பட்டதும் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். உயிரோடு இருப்பதாக நிரூபித்துவிட்டால் அவள் மூச்சு விடலாம். அவ்வளவுதான் விஷயம்.

அவள் புருஷன் சூசையப்பன் என்னைத் தேடி வந்தான். நான் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கவரை எடை போட்டே ஆயுளைக் கழித்தவன்.

"அண்ணாச்சி, நீங்க கவுர்மெண்டுக்காரவுக பேசுறது தெரிஞ்சவுக. கூட வாங்க" என்றான்.

வீடியோ எடுக்க எங்கள் முக்கில் ஷைஜு இருக்கிறான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் அவன்தான். பிள்ளைகள் எல்லாம் இத்தாலிக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டதால் அடக்கத்தில்தான் அவனுக்கு நல்ல ஓட்டம். பெட்டியைச் சுற்றி சொந்தக்காரர்களை உயரவாரியாக நிறுத்தி, "மாமா கொஞ்சம் முன்னால, சித்தி அழுகைய ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க" என்று அவன் படம் பிடிப்பதைப் பார்க்க வேண்டும்! பேராயரே வந்தாலும் அந்த அதட்டலுக்கு ஒதுங்கித்தான் நிற்பார்.

முதல் வீடியோவை வீட்டு முற்றத்தில் எடுத்தோம். செம்பருத்திச் செடிக்கு முன்னால் நாற்காலி. இன்பமேரி சிவப்புக் கட்டம் போட்ட சுங்குடிச் சேலை கட்டி, தலை சீவி, சற்று வெட்கத்தோடு உட்கார்ந்தாள்.

"நான் உயிரோடு இருக்கிறேன், இதை யாருடைய வற்…"

இருமல் பிடித்துக்கொண்டது. அது ஓய்வதற்குள் ஒரு கோழி குறுக்கே ஓடிற்று. அவளுக்கு இருமலோடு சிரிப்பும் சேர்ந்துவிட்டது.

"யோவ்! கோழிய வெரட்டுய்யா! அதுவும் உசுரோட இருக்குன்னு எழுதிக்கிருவாக!"

சூசையப்பன் அசையவில்லை. கேமரா ஓடும்போது அசையலாமா கூடாதா என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பார்த்தால் நாற்பத்தைந்து எம்பி. வலைத்தளம் அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஷைஜு தன் போனிலேயே அமுக்கி, நெருக்கி, பிழிந்து ஒரு எம்பி ஆக்கி ஏற்றினான். கீழ்த்தளம் ஏற்றுக்கொண்டது. இரண்டு வாரம் கழித்து மேல்தளத்திலிருந்து பதில் வந்தது: "பயனாளிக்கு முகம் இல்லை."

பொய்யில்லை. நானே பார்த்தேன். செம்பருத்தி இருந்த இடத்தில் சிவப்புச் சேறு. அதற்கு முன்னால் கட்டம் கட்டமாக ஒரு மூட்டை இருமிக்கொண்டிருந்தது.

"அக்கா, வீடியோவச் சுருக்குற இந்த மெஷினு ஒரு சோம்பேறி" என்று ஷைஜு விளக்கினான். "மொதல்ல ஒரு படத்த முழுசா வரைஞ்சுக்கிரும். அப்புறம் எது அசையுதோ அத மட்டுந்தான் மறுபடி வரையும். அசையாததுக்கு எடமே எடுக்காது. நீங்க, கோழி, செடி, எல்லாம் அசைஞ்சா பாவம் அது எங்க போகும்?"

"அப்ப எங்க வீட்டு ஆள எடு" என்றாள் இன்பமேரி. "ஒரு பொட்டு எடம் எடுக்காது. நானும் இம்புட்டு வருசமா பாக்கேன்."

சூசையப்பன் இதற்கும் அசையவில்லை.

டவுனுக்குப் போனோம். அளவுப் பிரிவில் ஜோஜோ சார். மலையாளத்தில் தமிழைக் கலந்து பேசுவார். நல்ல மனிதர். பத்துப் பேர் வரிசையில் நின்றாலும் ஒருவரையும் நிமிர்ந்து பார்த்துச் சங்கடப்படுத்த மாட்டார்.

"சேட்டா, ஈ வீடியோவில எத்தன கோழி?"

"ஒண்ணுதேன் சார்" என்றான் சூசையப்பன்.

"கோழிக்கு வாரியத்தில மெம்பர்ஷிப் உண்டோ?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு அதுக்கு எடம் குடுக்கறீங்க? செடி எதுக்கு? சேலையில கட்டம் எதுக்கு? ஒரு ஆள் ஜீவிச்சிருக்க இத்தனையும் வேணுமோ? நான் சொல்றத கேளு சேட்டா. ஜீவன் எப்பவும் சிம்பிள் ஆயிருக்கணும். இவிட வர்றவங்க எல்லாம் ஓவரா ஜீவிக்கிறாங்க. அதாணு சர்வர் தாங்காதது."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது சூசையப்பன் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் உள்ளே இருந்தது. அதன்மேல் அவன் பெண்டாட்டியின் பேர் பெரிய எழுத்தில் இருந்தது.

அதன்பின் உத்தரவுகள் வரத் தொடங்கின. முதல் உத்தரவு: பின்னணியில் வெள்ளைச் சுவர். அதற்கு விறகுப்புரையின் சுவருக்கு ஷைஜுவும் சூசையப்பனும் சுண்ணாம்பு அடித்தார்கள். அடுத்தது: உடுப்பில் கட்டமோ பூவோ கரையோ இருத்தலாகாது, வெள்ளை உத்தமம்.

சூசையப்பனுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், எம் பொண்டாட்டிக்கு வெள்ளைச் சேலையா?"

"கோயில்ல ஒன்னையக் கட்டிக்கிட்டப்பயும் வெள்ளைதானய்யா கட்டியிருந்தேன்" என்றாள் அவள். "அப்ப மட்டும் பல்லக் காட்டிட்டு நின்ன?"

பெட்டிக்கடியிலிருந்து கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அந்துருண்டை வாசத்துக்கே அரை மணி நேரம் இருமினாள். இருமல் ஒன்றுக்கு அரை எம்பி என்று ஷைஜு கணக்குச் சொன்னான். அந்தக் கணக்கில் அன்றைக்கு மட்டும் அவள் ஒரு முழுநீளத் திரைப்படம் இருமியிருப்பாள்.

அடுத்து ஒலி. இருமல் ஒலியும் இடம் பிடிக்கிறது என்று கீழ்த்தளம் முறையிட, மேல்தளம் பெருந்தன்மையோடு சுற்றறிக்கை விட்டது: "ஒலி இல்லாத உயிரும் உயிரே. வாக்கியத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மனதில் நினைத்தால் போதும்." அதற்கடுத்து கண். இமைக்கும்போதெல்லாம் முகம் கலங்குகிறது என்று மேல்தளம் குறைப்பட்டது. அளவு கூடுகிறது என்று கீழ்த்தளமும் அதையே சொன்னது. இரு தளங்களும் முதன்முறையாக ஒத்துப்போன விஷயம் அது. "இமைப்பது மனித இயல்பு என்பதை வாரியம் உணர்ந்தே இருக்கிறது. இருப்பினும் பயனாளிகள் கண்களை மூடிக்கொள்ள அனுமதிக்கப்படுகிறார்கள்."

இதற்காகக் காந்தலூரில் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு நடுவே 'இமை: சவால்களும் தீர்வுகளும்' என்று கருத்தரங்கமே நடந்தது. குத்துவிளக்கு ஏற்றியதிலிருந்து கடைசி ஆரஞ்சை உரித்தது வரை முழுசாக வீடியோ எடுத்து வாரியத்தின் வலைத்தளத்தில் ஏற்றினார்கள். அந்த எடை தாங்காமல் தளம் ஒரு மாதம் படுத்துக்கிடந்தது. அந்த மாதம் மலையில் யாருமே உயிரோடு இருக்க முடியவில்லை.

தளம் எழுந்தபோது ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. இன்பமேரியால் உட்கார முடியவில்லை. கட்டிலைச் சுவரோரம் நகர்த்தி, வெள்ளை விரிப்பில், வெள்ளைச் சேலையில் படுக்க வைத்தோம். ஷைஜு மேலேயிருந்து கேமராவைப் பிடித்தான். அவள் கண்ணை மூடி, வாயை மூடி, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள். அந்த ஒரு நிமிடம் சூசையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒண்ணேகால்" என்றான் ஷைஜு. "இன்னும் கால் எம்பி கூடுதல் அக்கா. இதுக்கு மேல அமுக்குனா மொகம் போயிரும்."

ஜோஜோ சாருக்குப் போன் போட்டோம். எங்கள் வீட்டுப் பக்கம் ரேஞ்ச் கிடையாது. நான் குடையோடு மேட்டில் மாதா சிலை நிற்கும் குருசடி வரை நடந்துபோய், சத்தம் போட்டுப் பேசினேன்.

"இப்போ எந்து அசையுது?"

"நெஞ்சு சார்."

"அது லேசம் குறைக்கான் பற்றுமோ?"

கொஞ்சம் குறைக்க முடியுமா என்று அவர் கேட்டதைத் திரும்பி வந்து சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்தான். ஆனால் இன்பமேரி கண்ணைத் திறந்து, சிரிப்பதுபோல வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தாள்.

"அவர்ட்ட… சொல்லுங்கண்ணாச்சி… அது ஒண்ணுதேன்… நிப்பாட்ட முடியல… அதுக்குத்தான… மெஷினு கேக்கேன்…"

ஷைஜு ஒரு வழி கண்டுபிடித்தான். தினம் ஒரு தடவை எடுப்பது, என்றைக்காவது ஒருநாள் நெஞ்சு அடங்கிக் கிடந்தால் அந்த வீடியோ ஒரு எம்பிக்குள் வந்துவிடும். அவன் போனில் 'இன்பமேரி அக்கா' என்று ஒரு ஃபோல்டர், எங்கள் பாஷையில் பெட்டி, போட்டான். அதில் விழும் எந்த வீடியோவையும் போன் முகம் கலங்காத அளவுக்கு மட்டும் சுருக்கி, ரேஞ்ச் கிடைக்கும் இடத்தில் தானாகவே வாரியத்துக்கு ஏற்றிவிடும். கூடுதலாக இருந்தால் தளம் தள்ளிவிடும், குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ளும். இத்தனை அக்கறையான ஏற்பாட்டை வாரியமே செய்ததில்லை.

நாலைந்து நாள் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தாள். ஷைஜு சந்தோஷமாகச் சொல்லுவான்: "இன்னைக்கு ஒண்ணு புள்ளி ஒண்ணு அக்கா! வந்துட்டோம்!" பிறகு தான் என்ன சொன்னோம் என்று புரிந்து தலையைக் குனிந்துகொள்வான்.

ஒரு விடியற்காலை சூசையப்பன் என் வாசலில் வந்து நின்றான். கூப்பிடவில்லை. நின்றான். எனக்குத் தெரிந்துவிட்டது.

அடக்கத்துக்கு மகள் சிஞ்சுவால் வர முடியவில்லை. இத்தாலியில் ஒரு முதியவரின் மூச்சைக் கவனித்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. லீவு கிடைக்கவில்லை. போனில் அழுதாள்: "ஷைஜு அண்ணே, அம்மா மொகத்த மட்டும் நல்லா காட்டுங்க. கொஞ்ச நேரம் அசைக்காமக் காட்டுங்க."

ஷைஜு அன்றைக்கு யாரையும் அதட்டவில்லை. உயரவாரியாக நிறுத்தவில்லை. கல்யாணச் சேலையில், தலையில் வெள்ளைப் பூமுடியோடு பெட்டிக்குள் இருந்தவளின் முகத்தின்மேல் கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றான். முடிந்ததும் மகளுக்கு அனுப்புவதற்காக அதைப் போனில் போட்டான். எந்தப் பேரில் வைக்க என்று போன் கேட்டது. இன்பமேரி அக்கா என்று இருந்த பெட்டியிலேயே போட்டான். பிறகு எங்கே போடுவான்? எங்கள் ஊரில் அந்தப் பேருக்கு வேறு ஆள் கிடையாது.

கல்லறை மேட்டின்மேல் இருக்கிறது. பெட்டி மழையில் ஏறிற்று. ஷைஜு பின்னால் ஏறினான். குருசடியைத் தாண்டியதும் ரேஞ்ச் கிடைத்தது.

ஏழாம் நாள் ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போது முற்றத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு பேர் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷினை இறக்கினார்கள். "பயனாளி எவிட? ஒப்பு வேணும்" என்று கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினான் டிரைவர். ஜெபம் நின்றுபோயிற்று. அவனே போனைக் காட்டினான். அதில் பச்சை எழுத்தில் இருந்தது: 'உயிர் உறுதி செய்யப்பட்டது. வாழ்த்துகள்.'

மறுநாள் நானும் சூசையப்பனும் டவுனுக்குப் போனோம். மெஷினையும் கொண்டுபோனோம். பார்வையாளர் கூடத்தில் நுழைந்த சூசையப்பன் அப்படியே நின்றுவிட்டான். சுவரில் பெரிய டிவி. அதில் இன்பமேரி. புருவ முடி தனித்தனியாகத் தெரிந்தது. கீழே எழுதியிருந்தது: 'முன்மாதிரி வீடியோ. இவ்வாறு பதிவு செய்யவும்.'

வரிசையில் நின்ற கிழவர்களும் கிழவிகளும் அதைப் பார்த்துக் கண்ணை மூடிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

அன்றுதான் அந்த மாடிப்படியில் ஒருவர் இறங்கி வந்து நான் பார்த்தேன். தெளிவுப் பிரிவின் நிமி மேடம். ஜோஜோ சாரும் எழுந்து வந்தார். இரண்டு தளங்களும் கைகுலுக்கிக்கொண்டன.

"இவங்களோட ஹஸ்பண்டா?" மேடம் முகம் மலர்ந்தார். "ரொம்பப் பெருமைப்படணும் நீங்க. வந்ததில இதாணு பெஸ்ட். என்னொரு ஒத்துழைப்பு! மத்தவங்க எல்லாம் எதுக்கு இப்படி அசையறாங்கன்னே மனசிலாகல. கொஞ்சம் கண்ட்ரோல் வேண்டாமா? இவங்க பாருங்க, வாரியத்துக்காகத் தலையில பூவெல்லாம் வெச்சு, ஒரு சலனம் இல்லாம… இந்த அம்மா மாதிரி எல்லாரும் இருந்தா எங்க வேலை எத்தன ஈசி!"

"முக்கால் எம்பிதான் வந்நுள்ளு" என்றார் ஜோஜோ சார், குரல் தழுதழுக்க.

சூசையப்பன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: "மேடம், அது அவ செத்த பெறகு எடுத்தது."

கண்ணை மூடியிருந்த ஒரு கிழவி திறந்து பார்த்தாள்.

ஜோஜோ சார்தான் முதலில் தேறினார். "அது சாரமில்ல, பரவாயில்ல. சிஸ்டம் உயிரை ஏத்துக்கிட்டா அப்புறம் இறக்க முடியாது. மரணம் பதியணும்னா மரண வீடியோ வேற தரணும். அதும் ஒரு எம்பி."

"அந்த வீடியோவையே வைச்சுக்கிருங்க சார்."

"அது பற்றில்ல, முடியாது. ஒரே வீடியோ ரெண்டு எடத்தில போட்டா டூப்ளிகேட்டுன்னு தள்ளிரும். உயிருக்கு ஒண்ணு, மரணத்துக்கு ஒண்ணு. ரெண்டும் வேற வேறயா இருக்கணும். வித்தியாசம் தெரியணும் இல்லையா?"

"அவளப் பொதைச்சாச்சு சார்."

"அவசரப்பட்டீங்க" என்றார் மேடம் வருத்தத்தோடு.

இந்த இடத்தில் நான் சத்தம் போட்டேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. போஸ்ட் ஆபீஸ் காலத்து வசவுகள் எல்லாம் வெளியே வந்தன என்று சூசையப்பன் பிறகு சொன்னான். அவன் மட்டும் சத்தமே போடவில்லை. டிவிக்குக் கீழே போய் நின்றுகொண்டு மேடத்திடம் கேட்டான்:

"இதுல சத்தம் வராதுங்களா?"

"சைலன்ட் ஆணு. அதானே இதோட சிறப்பு."

அவன் தலையாட்டினான். மெஷினை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினோம். ரசீது கொடுத்தார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் வீட்டுக்குப் போகாமல் நேரே ஷைஜுவின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தான். ஷைஜு அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்தப் பெட்டி விஷயம் தெரிந்த நாள்முதல் அவனுக்கு முகம் செத்துக்கிடந்தது.

"அண்ணே, நான் வேணும்னு…"

"அத விடு. மொத மொத எடுத்தமே, கோழி வந்துச்சே, அது இருக்கா அழிச்சுட்டியா?"

"இருக்கு."

"எனக்குப் போட்டுக் குடு."

ஷைஜு போனை வாங்கிப் பார்த்தான். சின்னப் போன். ஜெபப் பாட்டு, ஏலக்காய் விலை சொல்லும் குரல்கள், யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் என்று விளிம்புவரை நிறைந்திருந்தது. "எடமே இல்லண்ணே. அது நாப்பத்தஞ்சு எம்பி. கொஞ்சம் சுருக்கித் தரவா?"

"சுருக்காத" என்றான் சூசையப்பன். "இதுல இருக்குற எல்லாத்தையும் அழி. அவள மட்டும் ஒண்ணும் சுருக்காத. செடியும் இருக்கட்டும், கோழியும் இருக்கட்டும்."

ஷைஜு ஒவ்வொன்றாக அழித்தான். பிறகு அதைப் போட்டுக் கொடுத்தான். சூசையப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். சிவப்புச் சேலை. பின்னால் செம்பருத்தி காற்றில் ஆடிற்று. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் உயிரோடு இருக்கிறேன்" என்றாள். இருமல் வந்தது. முழு இருமல், ஒரு பொட்டும் குறையாமல். கோழி குறுக்கே ஓடிற்று. சிரிப்பு வந்தது.

"யோவ்! கோழிய வெரட்டுய்யா!"

சூசையப்பன் போனைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றை எடுத்து, திரைக்கு முன்னால் விசிறினான்.

"ச்சூ" என்றான். "ச்சூ… ச்சூ…"